துணை பிரிந்த நாய்க்குத் துக்கம் உண்டா, இல்லை நமக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

லாஸ்பேட்டை மாடிவீடு · ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். இதுவரை மற்றவர்கள் எழுதியதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் எழுதுவது இதுதான் முதல் முறை.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அம்மா தனியாக இருந்த வீட்டைப் போன மாதம் விற்றோம். அங்கே இரண்டு நாட்டு நாய்கள். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு தெருமுனையில் ஒரு சாக்குக்குள் கிடந்த குட்டிகள் அவை. ஆண் கருப்பு, பெண் செம்பி. அன்றிலிருந்து வளர்ந்து கிழடு தட்டும் வரை இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு ஒரே சாக்கில்தான் படுத்தன. அம்மா இப்போது என்னோடு இரண்டாம் மாடியில் இருக்கிறார். வீட்டு உரிமையாளர் ஒரு நாய்க்குத்தான் சம்மதித்தார். கருப்பை நெய்வேலியில் இருக்கும் தம்பி கூட்டிப்போனான்.

இன்றோடு இருபத்திரண்டு நாள். செம்பி தட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மத்தி மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்து வைத்தால் இரண்டு வாய், அவ்வளவுதான். மாலையில் நடக்கக் கூட்டிப்போய்த் திரும்பியதும் கதவருகே உட்கார்ந்து படிக்கட்டையே பார்க்கிறது. எட்டு மணிக்குத்தான் எழுந்து வருகிறது.

“அண்ணனைத் தேடுகிறதடி, பாவம் செய்துவிட்டோம்” என்று அம்மா தினமும் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். “புது வீடு, புது வாசனை, நாளாக நாளாகச் சரியாகிவிடும்” என்கிறார் கணவர். எனக்கு இரண்டுமே சரியென்று படுகிறது. வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லித்தோப்புப் பூனைக்காரி · ஞாயிறு, இரவு 10.05

உண்டு. உண்டு. உண்டு. என் வீட்டுப் பூனைகளில் மூத்தது சிறுநீரகக் கோளாறில் போனது. இளையது அது படுக்கும் ஜன்னல் திண்டில் ஏறவே இல்லை. முன்பெல்லாம் அந்தத் திண்டுக்காக இரண்டும் நகத்தால் கீறிக்கொள்ளும். இடம் காலியானதும் ஒன்றரை மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. இதைத் துக்கம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

மஞ்சக்குப்பம் கணக்கு · திங்கள், காலை 6.15

சகோதரி, உங்கள் வருத்தம் புரிகிறது. முப்பத்தொரு ஆண்டு கணக்கு நடத்தியவன் என்பதால் ஒன்றைக் கேட்கிறேன். மாறியது ஒன்றல்ல, ஐந்து. வீடு மாறியது, ஊர் மாறியது, தோட்டம் போய் மாடி வந்தது, அம்மாவின் அன்றாடம் மாறியது, கூட இருந்த நாய் போனது. ஐந்தையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, “நாய் சாப்பிடாததற்குக் காரணம் ஐந்தாவதுதான்” என்று எப்படிச் சொல்வீர்கள்?

பூனைக்காரி அம்மாவுக்கும் அதே கேள்விதான். திண்டில் ஏறாததற்கு, அங்கே நோயாளிப் பூனையின் மூத்திர வாடை ஊறியிருந்தது காரணமாக இருக்கக் கூடாதா?

நெல்லித்தோப்புப் பூனைக்காரி · திங்கள், காலை 7.20

சார், அந்தத் திண்டை டெட்டால் போட்டு நான்கு முறை துடைத்தவள் நான்.

மஞ்சக்குப்பம் கணக்கு · திங்கள், காலை 7.31

அப்படியானால் டெட்டால் வாடை. பூனைக்கு அது இன்னும் ஆகாது.

தேவனாம்பட்டினம் அலை · திங்கள், பகல் 1.10

ஹச்சிகோவை மறந்துவிட்டீர்களா? டோக்கியோவில் ஷிபுயா ரயில் நிலையம். எஜமானர் பேராசிரியர் உவேனோ 1925 மே மாதம் இறந்துபோனார். அந்த நாய் 1935 மார்ச்சில் சாகும் வரை நிலையத்துக்கு வந்துகொண்டே இருந்தது. ஏறத்தாழ பத்து ஆண்டு! 2018-இல் அமெரிக்காவின் மேற்குக் கடலோரம் ஓர் ஓர்கா திமிங்கிலம் செத்த குட்டியைத் தலையால் தாங்கிக்கொண்டு 17 நாள் நீந்தியது. நம் பக்கத்திலேயே, சுனாமி அன்று சின்னகாலாப்பட்டில் ஒரு நாய் வீட்டுப் பையனை மேட்டுக்கு இழுத்துப் போய்க் காப்பாற்றியது என்று செய்தியெல்லாம் வந்தது.

மஞ்சக்குப்பம் கணக்கு · திங்கள், பகல் 2.00

தம்பி, சுனாமி நாய் காட்டியது விசுவாசம். கேள்வி அதுவல்ல. ஹச்சிகோவுக்கு நிலையத்தைச் சுற்றியிருந்தவர்கள் தின்பண்டம் போட்டுப் பழக்கியிருந்தார்கள். செத்த பிறகு அதன் வயிற்றில் கோழிக்கறி கோத்துச் சுடும் குச்சிகள் இருந்தன. தீனி கிடைக்கும் இடத்துக்கு எந்த நாயும் வரும். நம் கடலூர் பஸ் நிலையத்தில் பரோட்டாக் கடை வாசலில் உட்காரும் நாய்களெல்லாம் யாருக்காகத் துக்கம் காக்கின்றன?

தேவனாம்பட்டினம் அலை · திங்கள், பகல் 2.45

சிரித்துவிட்டேன் சார். ஆனாலும் விடமாட்டேன். அந்த நாயைப் பற்றிப் பத்திரிகையில் எழுதி ஊருக்கெல்லாம் தெரிந்தது 1932-இல்தான். அதுவரை ஏழு வருடம் அதை அடித்து விரட்டியவர்களே அதிகம். அடி வாங்கிக்கொண்டு ஏன் வந்தது? இன்னொன்று. அது எஜமானரோடு வாழ்ந்தது ஒன்றரை வருடம்கூட இல்லை. செம்பியும் கருப்பும் பத்து வருடம்.

நெறியாளர் · திங்கள், மாலை 4.00

“முதல் தர லாப்ரடார் குட்டிகள், விலை பேசித் தீர்மானிக்கலாம்” என்று இடையில் வந்த பதிவை நீக்கிவிட்டேன். இந்த இழையில் அதைப் போட எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை.

பாகூர் ஏரிக்கரை · திங்கள், இரவு 8.50

எங்களுக்கு மாடுதான். நாய் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் படித்தபோது ஒரு பசு நினைவுக்கு வந்தது.

ஈன்ற எட்டாம் நாள் கன்று கழிச்சலில் செத்துப்போய்விட்டது. வேளைக்கு நான்கு லிட்டர் கறந்த பசு, மறுநாள் மடியைத் தொட்டாலே உதைத்தது. மடி நிறையப் பால் இருக்கிறது, காம்பில் இறங்கவில்லை. பாலை அடக்கிக்கொண்டது என்போம். கன்று முட்டினால்தான், அதன் வாசனை வந்தால்தான் சுரப்பு விடும். அந்தச் சுரப்புக்கு மூளையிலிருந்து ஆக்சிடோசின் இறங்க வேண்டும், பயத்திலும் பதற்றத்திலும் அது தடைபடும் என்று கால்நடை மருத்துவர் பிறகு விளக்கினார். ஊசி போட்டுக் கறக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் அது குற்றம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் செய்தது பழைய வழி. கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்தார். தோல்கன்று. நான்கு மூங்கில் குச்சி கால்கள். கண் கிடையாது. அதைத் தொழுவத்தில் பசுவின் முகத்துக்கு எதிரே நிறுத்தி, மேலே உப்புத் தண்ணீர் தெளித்தார். பசு நக்கத் தொடங்கியது. நக்க நக்கப் பால் இறங்கியது. நான் அப்போது ஏழாம் வகுப்பு. அந்தப் பக்கம் போகவே பயப்படுவேன்.

பதினைந்து நாள் போயிருக்கும். நக்கி நக்கித் தையல் விட்டு வயிற்றிலிருந்து வைக்கோல் வெளியே தொங்கியது. பசு அந்த வைக்கோலை இழுத்துத் தின்றது. நிதானமாக, அசைபோட்டுக்கொண்டு.

அதைப் பார்த்த அன்றைக்கு இரவு நான் சாப்பிடவில்லை.

மஞ்சக்குப்பம் கணக்கு · திங்கள், இரவு 9.15

பாகூர்த் தம்பி, வணங்குகிறேன். எனக்கு எழுத வராததை நீங்கள் எழுதிவிட்டீர்கள். தன் கன்று என்று நக்கிய பசு, அதன் வயிற்றிலிருந்தே வைக்கோல் தின்கிறது. “கன்று” என்ற எண்ணம் அதன் மனதில் இருந்திருந்தால் வாய் வைத்திருக்குமா? வாசனை இருந்தது, உப்பு இருந்தது, சுரப்பு நடந்தது. கன்று என்பது நாம் சேர்த்துக்கொண்டது.

பாகூர் ஏரிக்கரை · திங்கள், இரவு 9.40

ஐயா, நீங்கள் இதைத்தான் சொல்வீர்கள் என்று நினைத்தேன். ஆனால் கிழிந்த தோலை அப்பா எடுத்துப்போய்ப் புதைத்த அன்று இரவு, அந்தப் பசு விடிய விடியக் கூப்பிட்டது. தீவனம் எதிரே கொட்டிக் கிடந்தது. உப்புத் தண்ணீருக்காக எந்த மாடும் விடிய விடியக் கூப்பிடாது.

வில்லியனூர்த் தமிழ் · செவ்வாய், காலை 10.30

நான் தமிழாசிரியை. விலங்கு வளர்த்ததில்லை, சொல் வளர்க்கிறவள். குறுந்தொகை 69-ஆம் பாட்டு நினைவுக்கு வருகிறது. கடுந்தோட் கரவீரன் பாடியது. ஆண் குரங்கு செத்துப்போகிறது. கைம்மையைத் தாங்க மாட்டாத மந்தி, இன்னும் மரமேறப் பழகாத குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு மலை உச்சியிலிருந்து பாய்ந்து உயிரை விடுகிறது. கணக்கு ஐயா உடனே “மந்தி குதித்ததை யார் பார்த்தது?” என்பார். சரிதான். அது தலைவனிடம் தோழி சொல்லும் பேச்சு, ஆராய்ச்சிக் குறிப்பு அன்று. அவள் மனதை மந்தியின் மேல் ஏற்றிச் சொல்கிறாள். நாம் இங்கே செய்வதும் அதுதானோ என்னவோ.

ஆனால் சண்டை பாதி சொல்லால் வருகிறது என்று நினைக்கிறேன். துக்கம் என்றால் நமக்குச் சாவு வீடு. போனது போனதுதான், இனி வராது என்று தெரிந்து அழுவது அது. ஏக்கம் வேறு. தாய் ஊருக்குப் போனால் பால்குடிப் பிள்ளை ஏங்கிப்போகும். அதற்குச் சாவு தெரியாது. இருந்தது இல்லை என்பது மட்டும் தெரியும். “பிள்ளைக்கு ஏக்கம் பிடித்துவிட்டது” என்று நம் பாட்டிமார் சொன்னார்களே தவிர, துக்கம் பிடித்தது என்று சொன்னதில்லை. செம்பிக்கு வந்திருப்பது ஏக்கம் என்றால் கணக்கு ஐயாவுக்கு மறுப்பு உண்டா?

மஞ்சக்குப்பம் கணக்கு · செவ்வாய், காலை 11.05

ஏக்கம் என்றால் மறுப்பு இல்லை. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பூனைக்காரி அம்மாவோடு எனக்குச் சண்டையே வந்திருக்காது.

நெல்லித்தோப்புப் பூனைக்காரி · செவ்வாய், காலை 11.09

வந்திருக்கும் சார்.

கோரிமேட்டு வழிப்போக்கன் · செவ்வாய், பிற்பகல் 3.20

ஆசிரியை சொன்னதற்கு மூளைக்குள்ளேயே சான்று உண்டு. யாக் பாங்க்செப் என்ற நரம்பியலாளர் (2017-இல் மறைந்தார்) வாழ்நாளின் பெரும்பகுதியை இதில் செலவிட்டார். பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் பிரிவில் எழும் கத்தலுக்கென்றே மூளையின் அடிப்பகுதியில் ஒரு பாதை உண்டு என்று காட்டினார். தாயைப் பிரித்தால் கோழிக்குஞ்சு கீச்சிடும். மிகச் சிறிய அளவு அபின் வகை மருந்து கொடுத்தால் அடங்கிவிடும். வலிக்கும் அதே மருந்து, பிரிவுக்கும் அதே மருந்து.

நாய்களைப் பற்றிய கணக்கும் தருகிறேன். 2022-இல் இத்தாலியில், இரண்டு நாய் வளர்த்து ஒன்றைச் சாகக்கொடுத்த 426 பேரிடம் விசாரித்தார்கள். எஞ்சிய நாயின் போக்கு மாறியது என்று 86 சதவீதம் பேர் சொன்னார்கள். கூடுதலாக நம்மை ஒட்டிக்கொண்டவை 67 சதவீதம், விளையாட்டைக் குறைத்தவை 57, சாப்பாட்டைக் குறைத்தவை 32. எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தன என்பதற்கும் மாற்றத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. எப்படிப் பழகின, ஒரே தட்டில் பகிர்ந்து தின்றனவா என்பதற்குத்தான் தொடர்பு இருந்தது.

மஞ்சக்குப்பம் கணக்கு · செவ்வாய், பிற்பகல் 3.55

அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். நீங்கள் விட்டுவிட்ட வரி ஒன்று உண்டு. வளர்த்தவரின் துக்கம் கூடினால் நாயின் மாற்றமும் கூடியது. பதில் சொன்னவர்கள் நாய்கள் அல்ல, வளர்த்தவர்கள். அழுகிற கண்ணுக்கு எல்லாம் அழுவதாகத்தான் தெரியும்.

நெல்லித்தோப்புப் பூனைக்காரி · செவ்வாய், மாலை 5.00

2024-இல் அமெரிக்காவில் 450-க்கும் மேற்பட்ட பூனைகளைப் பற்றி வளர்ப்பவர்களைக் கேட்ட ஆய்விலும் அப்படித்தான் வந்தது. பூனைகள் தூக்கம், தீனி, விளையாட்டு எல்லாம் குறைத்தன; வளர்த்தவரின் துக்கம் அதிகமானால் அவையும் அதிகம். ஆனால் சார், இதைத் திருப்பியும் படிக்கலாமே. சுவீடனில் 2019-இல் 58 நாய்களின் ரோமத்தையும் அவற்றை வளர்த்த பெண்களின் தலைமுடியையும் எடுத்து, பதற்றத்தில் சுரக்கும் கார்டிசாலை அளந்தார்கள். இங்கே ஏறினால் அங்கேயும் ஏறியிருந்தது. ரோமம் பொய் சொல்லாது. லாஸ்பேட்டை அம்மா தினமும் அழுவதையும் செம்பி வாங்கிக்கொள்கிறதோ என்னவோ.

பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் “துக்கத்தில் இருக்கிறது” என்று விட்டுவிடாதீர்கள். ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

மஞ்சக்குப்பம் கணக்கு · செவ்வாய், மாலை 5.20

பூனைக்காரி அம்மா சொன்ன கடைசி வரியை நாய்க்கும் வையுங்கள். இத்தாலிக் கணக்குப்படி சாப்பாடு குறைவது மூன்றில் ஒரு நாய்க்குத்தான். மூன்று வாரமாகத் தின்னாத பத்து வயது நாயை ஏக்கம் என்று வைத்துக்கொண்டிருப்பது பெரிய தவறு. லாஸ்பேட்டைச் சகோதரி, விவாதம் கிடக்கட்டும். நாளைக் காலையில் குறும்பாப்பேட்டில் இருக்கும் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். கதவருகே எத்தனை மணிக்குப் போகிறது, எப்போது எழுந்து வருகிறது என்பதையும் தினமும் எழுதி வையுங்கள்.

லாஸ்பேட்டை மாடிவீடு · புதன், இரவு 10.15

அனைவருக்கும் நன்றி. பாகூர் அண்ணா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

கணக்கு சார், உங்கள் பேச்சைக் கேட்டேன். உண்ணிக் காய்ச்சலாம். ரத்தத் தட்டணுக்கள் 58,000. இரண்டு லட்சத்துக்குக் குறையக் கூடாதாம். காதுமடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணிகள் இருந்தன. டாக்சிசைக்ளின் 28 நாள், சோற்றோடு கொடுக்க வேண்டும். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் மூக்கில் ரத்தம் வந்திருக்கும் என்றார் மருத்துவர். ஏக்கம் ஏக்கம் என்று சொல்லிக்கொண்டு உண்ணியைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மஞ்சக்குப்பம் கணக்கு · வியாழன், காலை 5.50

வெட்கப்பட ஒன்றுமில்லை. விடை கிடைத்துவிட்டது.

நெல்லித்தோப்புப் பூனைக்காரி · வியாழன், காலை 8.00

எந்தக் கேள்விக்கு விடை சார்? சாப்பிடாததற்குத்தானே. படிக்கட்டைப் பார்ப்பதற்கும் உண்ணியா?

தேவனாம்பட்டினம் அலை · வியாழன், பகல் 12.30

தலைப்பிலிருந்து விலகுகிறேன், மன்னிக்கவும். மணக்குள விநாயகர் கோவில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று காலை நடையில் சாலையில் சரிந்து இறந்தபோது புதுச்சேரி முழுக்கத் திரண்டு அழுதது. நானும் பஸ் ஏறி வந்து கூட்டத்தில் நின்றேன். யானை கூட்டமாக வாழும் உயிர். அத்தனை வருடம் அவளோடு இன்னொரு யானை இல்லையே, அவள் யாருக்காக ஏங்கினாள் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது இந்த இழையைப் படிக்கும்போது தோன்றுகிறது.

வில்லியனூர்த் தமிழ் · வியாழன், பகல் 12.50

விலகவில்லை தம்பி.

லாஸ்பேட்டை மாடிவீடு · பதினெட்டு நாள் கழித்து, ஞாயிறு, இரவு 9.00

செம்பி நன்றாகச் சாப்பிடுகிறது. தட்டணுக்கள் 2,10,000-க்கு ஏறிவிட்டன. தட்டை நக்கிச் சுவர் வரை தள்ளிக்கொண்டு போகிறது. கணக்கு சார் கேட்டபடி நேரத்தையும் எழுதி வைத்தேன். காய்ச்சல் இருந்தபோது சராசரியாக 6.40-க்குப் போய் 8.05-க்கு எழுந்தது. இப்போது 6.40-க்குப் போய் 7.50-க்கு எழுகிறது. கால் மணி நேரம் குறைந்திருக்கிறது.

மஞ்சக்குப்பம் கணக்கு · ஞாயிறு, இரவு 9.25

6.40 என்பது என்ன நேரம்? பழைய வீட்டில் நடக்கக் கிளம்பும் நேரமா? அப்படியானால் அது நடைக்காகக் காத்திருக்கிறது.

லாஸ்பேட்டை மாடிவீடு · ஞாயிறு, இரவு 9.50

இல்லை சார். நடந்துவிட்டு வந்த பிறகுதான் உட்காருகிறது. அம்மாவிடம் கேட்டேன். அங்கே கெடிலக் கரை வரை இரண்டையும் கூட்டிப்போவாராம். செம்பி அம்மாவோடு வீட்டுக்கு வந்துவிடும். கருப்பு மட்டும் தெருவில் யாரையாவது குரைத்துவிட்டுப் பின்னால் வருமாம். எப்போதும் ஏழு மணிக்கு முன்பாக.

மஞ்சக்குப்பம் கணக்கு · ஞாயிறு, இரவு 10.40

சரி.

லாஸ்பேட்டை மாடிவீடு · அடுத்த திங்கள், காலை 7.10

நேற்று நெய்வேலிக்குக் கூட்டிப்போனோம். என் கையெல்லாம் வியர்த்துவிட்டது. ஆனால் நினைத்தது போல ஒன்றும் நடக்கவில்லை. இரண்டும் நெடுநேரம் முகர்ந்துகொண்டன. கருப்பு கொழுத்திருக்கிறது. வாலை ஆட்டிவிட்டு நேராக அம்மாவிடம் போய் மடியில் தலை வைத்தது. செம்பி தண்ணீர் குடித்தது, கொய்யா மரத்தடியில் மோந்து பார்த்தது. மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தால், திண்ணையில் முதுகோடு முதுகு ஒட்டித் தூங்கிக்கொண்டிருந்தன. கிளம்பும்போது கருப்பு வாசல் வரைகூட வரவில்லை. செம்பி முரண்டு பிடிக்காமல் காரில் ஏறியது. அழுதது அம்மா மட்டும்.

பாகூர் அண்ணா, ஒரு கேள்வி. கருப்பு படுத்திருந்த சாக்கைத் துவைக்காமல் எடுத்து வந்திருக்கிறேன். இது அந்தத் தோல்கன்று போல ஏமாற்று ஆகுமா?

பாகூர் ஏரிக்கரை · திங்கள், காலை 8.30

தங்கச்சி, கருப்பு உயிரோடு இருக்கிறது, மாதம் ஒருமுறை பார்க்கப் போகிறீர்கள். இதில் ஏமாற்று எங்கே வந்தது? சாக்கை எங்கே போட்டீர்கள்? தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். படுக்கும் இடத்தில் போடுங்கள். முதலில் உதறி உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

மஞ்சக்குப்பம் கணக்கு · திங்கள், காலை 8.45

இன்று மாலையும் நேரம் எழுதுங்கள்.

லாஸ்பேட்டை மாடிவீடு · திங்கள், இரவு 9.05

6.40-க்குப் போனது சார், 7.15-க்கு எழுந்தது. போகும்போது சாக்கையும் வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு போனது.